உலக அடாப்டர்: பயணப் பெட்டியில் போட்டுக்கொண்டு நாடு நாடாகத் திரிந்ததில் கண்டது

திருகோணமலை மத்திய வீதியில் மின்சாரச் சாமான் விற்கும் ஒரு கடையில் வாங்கிய உலக அடாப்டரைப் பற்றி எழுதுகிறேன். விலை 3,000 ரூபாவுக்குச் சற்று மேலே. கம்பனிப் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் ஒரே அச்சில் வார்த்த இந்தச் சாமான் பல பெயர்களில் வருகிறது. கொழும்பு புறக்கோட்டையில் தேடினால் இதைவிட மலிவாகவும் கிடைக்கும். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்குங்கள். வெளிநாடு போகிற எவருக்கும் கடவுச்சீட்டுக்கு அடுத்தபடியாக நான் எடுத்து வைக்கச் சொல்வது இதைத்தான். ஆனால் ‘150 நாடுகளுக்கு மேல்’ என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை அப்படியே நம்பிப் பிளேன் ஏற வேண்டாம். சில நாடுகளில் இது கெட்டியாகப் பிடித்தது, ஓரிடத்தில் ஆடியது, ஓரிடத்தில் சுவருக்குள் போகவே மறுத்தது.

பார்க்க ஒரு சவர்க்காரக் கட்டி அளவுதான். கறுப்பு நிறம், மழுக்கிய மூலைகள். முன்பக்கத்தில் எந்த நாட்டுப் பின்னும் நுழையக்கூடிய ஓட்டைகள், அடியில் யூஎஸ்பி வாய் இரண்டு. பக்கவாட்டில் மூன்று தள்ளு பொத்தான்கள் இருக்கின்றன. ஒன்றைத் தள்ளினால் எங்கள் சதுரப் பின் வெளியே வரும், அடுத்ததைத் தள்ளினால் ஐரோப்பாவின் உருண்டைப் பின் இரண்டு, மூன்றாவதில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பாவிக்கிற தட்டைப் பின். அந்தத் தட்டைப் பின்னை விரலால் திருப்பிச் சாய்த்தால் ஆஸ்திரேலியா. ஒரு வகைப் பின் வெளியே நிற்கும்போது மற்றவை வராமல் பூட்டிக்கொள்ளும். வாங்கும்போது நான் கவனமாகப் பார்த்தது இதைத்தான். கடையில் முதலில் எடுத்துக் காட்டிய மலிவான ஒன்றில் இரண்டு வகைப் பின்னும் ஒரே நேரத்தில் வெளியே நின்றன. ஒன்று சுவரில் இருக்கும்போது மற்றதில் குழந்தை கை வைத்தால் என்ன ஆகும் என்று கடைத் தம்பியிடம் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் அதை உள்ளே வைத்துவிட்டு இதை எடுத்துத் தந்தார்.

ஒரு பிளக்குக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், காரணம் அம்மா. உவர்மலையில் தம்பி வீட்டில் இருக்கிறார். நான் எந்த நாட்டில் நின்றாலும் ஊர் நேரம் இரவு எட்டு மணிக்கு வீடியோ கோல் எடுத்தாக வேண்டும். எட்டேகால் ஆகியும் வராவிட்டால் அம்மா லண்டனில் இருக்கும் தங்கச்சிக்கு எடுப்பார். தங்கச்சி சுவிஸில் இருக்கும் அக்காவுக்கு எடுப்பாள். அக்கா ஒசாகாவில் இருக்கும் என் மகனின் நித்திரையைக் குழப்புவார். ஒரு போனில் சார்ஜ் இறங்கியதற்கு இரண்டு கண்டங்களில் ஆட்கள் எழும்பி இருப்பார்கள். அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவரைக் காக்க வைக்க எனக்கு மனமில்லை.

தம்பி வயரிங் வேலை செய்கிறவன். எந்தச் சாமானையும் உள்ளே பார்க்காமல் கரண்டில் குத்த அவனுக்கு மனம் வராது. வாங்கிக்கொண்டு வந்த அன்றே குசினி மேசையில் பழைய பேப்பரை விரித்து, பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி, மூடியைத் தூக்கினான். உள்ளே பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பொத்தானைத் தள்ளும்போது அந்தந்தப் பின்னின் அடித்தகடு வழுக்கி வந்து நடுத்தகட்டில் தொட்டு நிற்கிறது. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் பியூஸ், அதற்குள் மயிரிழை போல ஒரு கம்பி. 6 அம்பியர் என்று அதன் மூடித் தொப்பியில் பொறித்திருந்தது. மேலதிக பியூஸ் ஒன்றும் சின்னக் குழிக்குள் வைத்திருந்தார்கள். தம்பிக்கு அது பிடித்துக்கொண்டது. பிறகு சதுரப் பின்னில் மேலே நீட்டிக்கொண்டு நிற்பதை நகத்தால் தட்டிக் காட்டினான்.

“சின்னக்கா, இது வெறும் பிளாஸ்ரிக். கதவு திறக்க மட்டும்தான். எர்த் இல்லை, பாருங்கோ.”

எங்கள் 13 அம்பியர் பிளக் பொயின்றில் கீழே இருக்கும் இரண்டு ஓட்டைகளுக்கும் உள்ளே ஒரு சின்னக் கதவு இருக்கிறது. மேல் ஓட்டையில் நீளமான பின் முதலில் போனால்தான் அந்தக் கதவு விலகும். இரண்டு பின் சார்ஜரைக் குத்துவதற்காக நாங்கள் பேனா மூடியையும் ஈர்க்கையும் மேல் ஓட்டையில் செருகுகிறோமே, அந்தக் கதவைத் திறக்கத்தான். தம்பி அந்தப் பழக்கத்தை எங்கே கண்டாலும் ஏசுவான். அந்த நீளப் பின்னின் மற்ற வேலை எர்த்துக்குப் பாதை கொடுப்பது. இந்த அடாப்டரில் அது இல்லை. ஆகவே அயன், பெரிய கேத்தல் போன்று எர்த் தேவைப்படும் சாமான்களை இதில் போடக் கூடாது. போன், கமெரா, லப்டொப் போன்றவைக்குத்தான் இது.

அவன் சொன்ன அடுத்த விஷயம்தான் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது. அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. ஆகவே உங்கள் சார்ஜரின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். ‘இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ்’ என்று இருந்தால் அது உலகத்தில் எங்கும் ஓடும் (ஹேர்ட்ஸ் என்பது கரண்ட் ஒரு செக்கனில் எத்தனை தரம் அலைகிறது என்ற கணக்கு). போன் சார்ஜர்கள் கிட்டத்தட்ட எல்லாமே அப்படித்தான் வருகின்றன. 220–240 என்று மட்டும் இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. எனக்கு அந்த எழுத்து தெரியவில்லை. தம்பி போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டினான்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்த அடாப்டருக்கு வேலை இல்லை. அங்கே இருப்பதும் எங்கள் சதுரப் பின்தான், வோல்ட்டும் எங்களைப் போலத்தான். ஆனால் சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. சிராங்கூன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். இரண்டு போனையும் சார்ஜில் போட்டுவிட்டு வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய், தேக்கா சந்தையில் சாப்பிட்டு, கால் நோக நடந்து திரும்பினோம். போன் இரண்டும் போட்டபடியே செத்துக் கிடந்தன. அறைக் கதவைத் திறக்கிற அட்டையை உள்ளே சுவரில் ஒரு பிளவில் செருகி வைத்தால்தான் அறைக்குக் கரண்ட் வரும். அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனால் எல்லாம் நின்றுவிடும். அப்போது அங்கே பத்தரை தாண்டிவிட்டது. சிங்கப்பூர் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னால், அதனால் ஊரில் எட்டு மணி கழிந்துவிட்டது. கொஞ்சம் சார்ஜ் ஏறி போன் விழித்தபோது தங்கச்சியின் ஒன்பது தவறிய அழைப்புகள், அக்காவின் ஒரு குரல் பதிவு. மகன் மட்டும் அமைதியாக ஒரு வரி அனுப்பியிருந்தான்: “அம்மா, அம்மம்மா பொலிசுக்குப் போகப் போறாவாம்.”

அடுத்த நாள் இவர், என் கணவர், வரவேற்பு மேசையில் விசாரித்தார். இன்னொரு அட்டை கேட்டால் தருவார்கள் என்றார்கள், தந்தார்கள். அதைச் செருகி வைத்துவிட்டு வெளியே போகலாம். அட்டை போட்டு எரிகிற அறை கிடைத்தால் முதல் நாளே இரண்டாவது அட்டையைக் கேட்டு வாங்குங்கள். மலேசியாவில் அதைத்தான் செய்தோம். பத்துமலையில் 272 படியும் ஏறி இறங்கி வந்தபோது போன்கள் நிறைந்து இருந்தன. தாய்லாந்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே பெரும்பாலான பொயின்ற்களில் தட்டைப் பின்னும் போகும், உருண்டைப் பின்னும் போகும்.

ஆடியது இந்தியாவில். சிதம்பரத்திலும் சென்னையிலும் தங்கிய அறைகளில் பழைய உருண்டைப் பின் பொயின்ற்தான் இருந்தது, மூன்று ஓட்டை. எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் இன்னமும் இருக்கிறதே, அதே ஆங்கிலேயர் காலத்து வகை. அடாப்டரின் ஐரோப்பியப் பின் அதற்குள் போகும், ஆனால் நிற்காது. இரண்டு பின்னுக்கும் இடையிலுள்ள தூரம் இரண்டு வகையிலும் 19 மில்லிமீற்றர்தான், அதனால்தான் உள்ளே போகிறது. பின்னின் தடிப்புத்தான் வேறு. ஐரோப்பிய மெல்லிய பின் 4 மில்லிமீற்றர், இந்தியாவின் சின்னப் பிளக்கில் அது 5 மில்லிமீற்றருக்குச் சற்று மேலே. இந்த ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் அடாப்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். மின்விசிறி சுற்றுகிற காற்றுக்குக்கூட அசையும். அசையும்போது உள்ளே ‘சிர்’ என்று ஒரு சத்தமும் சின்னப் பொறியும். இவர் கதிரையை இழுத்து வந்து முட்டுக் கொடுத்துப் பார்த்தார். நான் உடனே சுவிட்சை அணைத்துக் கழற்றிவிட்டேன். தளர்ந்து தொடுகிற இடத்தில் சூடு ஏறும், சூடு ஏறினால் பிளாஸ்ரிக் உருகும் என்று தம்பி சொல்லி அனுப்பியிருந்தான்.

சென்னையில் இதற்கு வழி மிகவும் சுலபம். ரிச்சி தெருவுக்குப் போனால் எலக்ட்ரோனிக் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே தடித்த உருண்டைப் பின் உள்ள சின்ன மாற்றுப் பிளக் ஒன்றை ஒரு சாப்பாட்டுக் காசுக்கும் குறைவாக வாங்கினேன். கடைக்காரர் என் தமிழைக் கேட்டுவிட்டு, “சிலோனா அம்மா?” என்று கேட்டார். திருகோணமலை என்றதும், “கோணேஸ்வரம்! சம்பந்தர் பாடின ஊரு” என்று தேவாரத்தின் முதல் அடியைச் சொல்லத் தொடங்கிவிட்டார். பின்னால் நின்ற வாடிக்கையாளர் கேபிளைக் கையில் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றார். அந்தச் சின்னப் பிளக் இன்றும் என் பையில் இருக்கிறது. இந்தியா போகிறவர்கள் உலக அடாப்டரை நம்பாமல், இறங்கியதும் இப்படி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

லண்டனில் தங்கச்சி வீட்டில் அடாப்டர் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. இந்தச் சதுரப் பின்னே அங்கிருந்து வந்ததுதான், ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் பியூஸ், ஒவ்வொரு பொயின்றுக்கும் ஒரு சுவிட்ச். அவளுடைய கேத்தல் 3,000 வாட். தேயிலைப் போத்தலைத் தேடி எடுப்பதற்குள் தண்ணீர் கொதித்துவிடும். இவருடைய தாடி வெட்டும் மெஷினைத்தான் எங்கே குத்துவது என்று தெரியவில்லை, ஏனென்றால் அங்கே குளியலறையில் சாதாரண பிளக் பொயின்றே வைப்பதில்லை. ஈரக் கையால் தொடக் கூடாது என்பதற்காக லைட்டுக்குக்கூட சுவிட்ச் இல்லை, கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும், அதை இழுக்க வேண்டும். இதைத் தங்கச்சி வீட்டில் பழகிக்கொண்ட இவர், ஸ்கொட்லாந்து போகிற வழியில் ஒரு விடுதியில் குளியலறைக்குள் போனார். அங்கே இரண்டு கயிறு தொங்கியது, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. இவர் நிறம் நல்லதைப் பிடித்து இழுத்தார். எங்கேயோ ஒரு மணி அடிக்கத் தொடங்கியது. இரண்டு நிமிடத்தில் ஒரு பெண் பிள்ளை ஓடி வந்து கதவைத் தட்டி, உள்ளே யாரும் விழுந்துவிட்டார்களா என்று கேட்டாள். நடக்க முடியாதவர்கள் விழுந்தால் உதவிக்கு அழைப்பதற்குத்தான் அந்தச் சிவப்புக் கயிறு. இவர் கையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு நின்று, “லைட்டுக்குத்தான் பிள்ளை” என்று தமிழிலேயே சொன்னார். அவளுக்கு விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே மணியை நிறுத்திவிட்டு, வெள்ளைக் கயிற்றை இழுத்துக் காட்டிவிட்டுப் போனாள். அவ்வளவு வேகமாக ஓடி வந்த அந்தப் பிள்ளையை நான் இன்னமும் நினைத்துக்கொள்கிறேன்.

சுவருக்குள் போக மறுத்தது சுவிஸில். இதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருகோணமலையிலிருந்து போகிறவர்களில் சுவிஸில் சொந்தம் இல்லாதவர்கள் குறைவு. ஐரோப்பாதானே, உருண்டைப் பின்தானே என்று நினைத்துக்கொண்டு போவோம். அங்கே பிளக் பொயின்ற் சுவரோடு தட்டையாக இருக்காது. ஆறு மூலையுள்ள ஒரு குழி, அதற்குள்தான் மூன்று சின்ன ஓட்டைகள், நடு ஓட்டை மட்டும் வரிசையை விட்டுச் சற்று விலகி நிற்கும். மெல்லிய இரண்டு பின் சார்ஜர் என்றால் அந்தக் குழிக்குள் அப்படியே இறங்கிவிடும். எங்கள் அடாப்டரின் உடம்பு அந்தக் குழியைவிடப் பெரிது. பின்கள் ஓட்டையைத் தொடுவதற்குள் உடம்பு விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இவர் பலம் கொண்ட மட்டும் அழுத்திப் பார்த்தார். அத்தான் கதிரையில் இருந்தபடி, “ஐசே, சுவரை உடைச்சுப் போடாதையும், இது வாடகை வீடு” என்றார்.

பிறகு அக்கா எழும்பிப் போய்க் குசினியில் ஒரு லாச்சியைத் திறந்தார். அதற்குள் முழுக்க அடாப்டர்கள். வெள்ளை, கறுப்பு, வாய் உடைந்தது, ‘சிறிலங்கா’ என்று மார்க்கரால் எழுதி ஒட்டியது. ஊரிலிருந்து வந்த ஒவ்வொருவரும் கொண்டு வந்து, பொருந்தாமல், விட்டுவிட்டுப் போனவையாம். அவற்றுக்கு அடியிலிருந்து சரியான ஒன்றை எடுத்துத் தந்தார், சதுரப் பின்னை வாங்கிச் சுவிஸ் பின்னாக விடுகிற சின்னது. இப்படி ஒரு லாச்சி அங்கே நான் போன எல்லாத் தமிழர் வீட்டிலும் இருந்தது. ஆகவே சுவிஸ் போகிறவர்கள் உலக அடாப்டரோடு சேர்த்து, மெல்லிய இரண்டு பின் சார்ஜர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். அக்காவுக்கு லாச்சியில் இடம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே பொயின்றுக்குச் சுவிட்ச் இருக்காது, எப்போதும் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். குத்தியதும் ஓடும். நான் முதல் நாள் சுவர் முழுவதும் சுவிட்ச் தேடினேன். இரவில் சார்ஜரை அப்படியே விட்டுவிட்டுப் படுக்க மனம் வராமல் கழற்றி வைப்பேன், அக்காவின் பேரப்பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. பேர்ணில் ஐரோப்பா சதுக்கத்தில் 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்துக்கும் அக்கா கூட்டிக்கொண்டு போனார். ஒரே கூரையின் கீழ் சைவக் கோயில், பள்ளிவாசல், பௌத்த ஆலயம், தேவாலயம் எல்லாம் இருக்கின்றன. எங்கள் ஊரில் இவை அடுத்தடுத்த தெருக்களில் இருக்கும், அங்கே அடுத்தடுத்த கதவுகளில். கோடையில் சுவிஸ் எங்களுக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால், அதனால் அம்மாவின் எட்டு மணி அங்கே மாலை நாலரை. அன்று கோயிலுக்குள்ளிருந்தே வீடியோ கோல் எடுத்தோம். அம்மா போனைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஜப்பானில்தான் இந்த அடாப்டர் தன் விலையை முழுதாகத் திருப்பித் தந்தது. அங்கே இரண்டு தட்டைப் பின், வேறொன்றும் இல்லை. எங்கள் சதுரப் பின்னோ உருண்டைப் பின்னோ எதுவுமே போகாது. மகன் ஒசாகாவில் வேலை செய்கிறான், அவனுடைய அறை சின்னது என்பதால் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கினோம். தட்டைப் பின்னைத் தள்ளிக் குத்தியதும் கச்சிதமாகப் போனது. ஒரு குறை, அங்கே பொயின்ற் பின்னை மெதுவாகத்தான் பிடிக்கும், எங்கள் அடாப்டரோ பாரம். லப்டொப்பின் கனமான வயரையும் சேர்த்துத் தொங்க விட்டால் மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். கீழே ஒரு புத்தகத்தை வைத்து அந்தப் பாரத்தைத் தாங்க விட்டேன், பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் அங்கே கரண்ட் 100 வோல்ட். எங்கள் 230இன் பாதிக்கும் குறைவு. இவர் எந்தப் பயணத்திலும் 650 வாட் மடிப்புக் கேத்தல் ஒன்றைக் கொண்டு திரிவார். ஊரில் அது அரை லீற்றர் தண்ணீரை ஐந்து நிமிடத்தில் கொதிக்க வைக்கும். அடாப்டரின் 6 அம்பியருக்குள்ளும் அது அடங்கும். ஜப்பானில் லேசில் கொதிக்காது என்று தம்பி கணக்குப் போட்டே காட்டியிருந்தான். வோல்ட் பாதிக்குக் கீழே இறங்கினால் சூடு பாதியாகக் குறையாது, அதைவிட மோசமாகக் குறையும். 650 வாட் கேத்தல் அங்கே 120 வாட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் வேலை செய்யும், ஐந்தில் ஒரு பங்கு. இவர் அதைக் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று குத்தினார். நாங்கள் இரண்டு பேரும் கட்டிலில் இருந்து கேத்தலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம், மெல்லிய சூடு. கால் மணித்தியாலம், குழந்தை குளிப்பாட்டலாம். அரை மணித்தியாலத்துக்குப் பிறகும் ஒரு குமிழி இல்லை. மகன் வந்து நிலைமையைப் பார்த்துவிட்டு, அலமாரியைத் திறந்து விடுதியின் கேத்தலை எடுத்து வைத்தான். அது 100 வோல்ட்டுக்கென்று செய்தது, பொங்கிக்கொண்டு கொதித்தது. இஞ்சி போட்டுப் பிளேன்ரீ குடித்தோம். இவர் அந்த முதல் வாயைக் குடித்துவிட்டு, “உம்மட தம்பி கெட்டிக்காரன்தான்” என்றார். தம்பிக்கு அதைக் குரல் பதிவாகவே அனுப்பி வைத்தேன்.

இன்னொரு அதிசயம், ஒரே நாட்டில் இரண்டு விதமான கரண்ட். மேற்குப் பக்கம் ஒசாகா 60 ஹேர்ட்ஸ், கிழக்குப் பக்கம் தோக்கியோ 50 ஹேர்ட்ஸ். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்து ஜெனரேற்றர் வாங்கினார்களாம், ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து. அது அப்படியே நின்றுவிட்டது. ஷின்கன்சென் என்ற அதிவேக ரயிலில் தோக்கியோ போகும்போது ஷிசுவோக்காவில் ஒரு ஆற்றுப் பாலம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பூஜி மலை. எல்லோரும் மலையைப் படம் பிடிக்கிறார்கள், என் மகன் கீழே ஓடும் ஆற்றைக் காட்டுகிறான். “அம்மா, இதுதான் பூஜி ஆறு. இதோட கரண்ட் மாறும்.” எனக்கு உடனே ஜன்னலோரம் சார்ஜில் கிடந்த போன் நினைவுக்கு வந்து கையை வைத்தேன். ஒன்றும் ஆகாது, இந்த ரயில் பாதை முழுவதும் 60 ஹேர்ட்ஸில்தான் ஓடுகிறது, அதோடு உங்கள் சார்ஜரில் இரண்டும் எழுதியிருக்கிறதே என்றான். மாமனும் மருமகனும் ஒரே அச்சு.

அரிமா என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கும் போனோம். இதற்கும் அடாப்டருக்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். தெருவோரத்தில் காசு வாங்காமல் கால் நனைக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள், இரும்புச் சத்தில் தண்ணீர் செம்மண் நிறமாக இருக்கிறது. ஜப்பானிய முதியவர்களோடு வரிசையாக இருந்து காலை விட்டோம். இவர் பக்கத்தில் இருந்தவருக்கு மகன் மூலமாக எங்கள் திருகோணமலைக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் விவரித்தார், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு, வாளியில் அள்ளித் தலையில் ஊற்றலாம் என்று. அவர் ஒவ்வொரு கிணற்றுக்கும் தலை குனிந்து கேட்டார்.

ஜப்பானிலிருந்து சாமான் வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்கு ரைஸ் குக்கர் வாங்க நினைத்தோம். சாதாரணக் கடையில் இருப்பது 100 வோல்ட்டுக்கானது. அதை ஊரில் இந்த அடாப்டர் வழியாகக் குத்தினால் எரிந்து போகும், அல்லது கனத்த ரான்ஸ்போமர் ஒன்றைப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆனால் ஒசாகாவின் நிப்பொன்பாஷியில் வெளிநாட்டுக்காரருக்கென்று 220–230 வோல்ட் சாமான்களைத் தனியாக வைத்து விற்கிறார்கள். நான் வீடியோ கோலில் குக்கரின் அடித்தகட்டைக் காட்ட, தம்பி உவர்மலையிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, “ஓம், எடுங்கோ” என்ற பிறகுதான் காசு கொடுத்தேன்.

இப்போது இந்த அடாப்டர் அதிகம் உழைப்பது எங்கள் வீட்டில்தான். ஐரோப்பாவில் ஆடி, ஆவணிப் பள்ளி விடுமுறை விட்டதும் அக்காவின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து இறங்குவார்கள். பகல் முழுவதும் நிலாவெளிக் கடலில் கிடந்துவிட்டு வந்து, கிண்ணியா எருமைத் தயிரும் பாணியும் சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் சார்ஜர் தூக்குவார்கள். அவர்களுடைய இரண்டு பின் இதில் கெட்டியாக இருக்கும். பேனா மூடி வைத்துக் குத்துகிற வேலை எங்கள் வீட்டில் நின்றுவிட்டது, அதற்காகவே தம்பி இதற்கு நல்ல பெயர் கொடுத்திருக்கிறான்.

குறை என்று சொன்னால், யூஎஸ்பி வாயில் ஒன்று தளர்ந்துவிட்டது, வயரைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. இரண்டு போனை ஒன்றாகப் போட்டால் இரண்டுமே மெதுவாகத்தான் ஏறும், அவசரத்துக்கு உதவாது. போனோடு வந்த சார்ஜரை முன்பக்கத்தில் குத்துவதுதான் வேகம். நீல நிற விளக்கு ஒன்று எரிகிறது, இரவில் கண்ணைக் குத்தும். நான் ஒட்டுப்போடும் நாடா ஒரு துண்டை ஒட்டி மறைத்துவிட்டேன். மற்றபடி பொத்தான்கள் இன்றும் முதல் நாள் போலவே வழுக்குகின்றன, பின்கள் வளையவில்லை, பியூஸ் போகவில்லை.

வாங்கப் போனால் கடையிலேயே மூன்று விஷயம் பாருங்கள்: ஒரு பின் வெளியே நிற்கும்போது மற்றவை பூட்டிக்கொள்கிறதா, மாற்றக்கூடிய பியூஸ் இருக்கிறதா, எத்தனை அம்பியர் என்று உடம்பில் எழுதியிருக்கிறதா. எழுதியிருக்காவிட்டால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கடைச் சுவரில் ஒருமுறை குத்தி, உங்கள் சார்ஜரையும் போட்டு ஆட்டிப் பாருங்கள். எங்கள் கடைக்காரர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆஸ்திரேலியாவுக்கான சாய்ந்த பின்னை இன்னும் நான் பாவிக்கவில்லை. மெல்பேர்னில் இருக்கும் சித்தி மகள் வரச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அங்கே போய்க் குத்திப் பார்த்த பிறகு அதைப் பற்றி எழுதுகிறேன்.